காணொளியில் இருக்கும் தோலும் உங்கள் கையில் இருக்கும் தோலும்

ஒரு வருடமாக வீட்டில் தோல் வேலை பழகுகிறீர்கள். காணொளிகளைப் பார்த்து மூன்று பர்ஸ் செய்திருக்கிறீர்கள். மூன்றிலும் ஓரம் பளபளப்பாக வராமல் பிசிறு பிசிறாக நிற்கிறது, தையல் முன்பக்கம் சுமாராகவும் பின்பக்கம் கோணலாகவும் விழுகிறது. இன்னும் விலை கூடிய கருவிகள் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கற்ற சில உத்திகளை, நீங்களே கற்றுக்குட்டியாக இருக்கும்போது, நண்பர்களுக்குச் சொல்லித்தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கருவியைப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வேறு கேள்வி: அவர்கள் செய்வதைத்தானே நானும் செய்கிறேன், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெட்டுவது, சீவுவது, மடிப்பது, தைப்பது எல்லாம் அங்கே பழகியதுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்கு பர்ஸும் பெல்ட்டும் சொல்லித்தருகிறேன். தோலில் பூவேலை செதுக்குவது, குதிரைச் சேணம் கட்டுவது ஆகியவை என் துறை அல்ல. அவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்ப வேண்டாம்.

உங்கள் ஓரம் பளபளக்காததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் தோல்தான். அந்தக் காணொளிகளில் ஓரத்தை நனைத்து, பிசின் தடவி, மரக்கட்டையால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குகிறார்களே, அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். அதன் நார்கள் நீரை உறிஞ்சும். ஈரத்தோடு அழுத்தித் தேய்த்தால் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து அப்படியே உறைந்து நிற்கும். நம் கடைகளில், சென்னையின் தோல் சந்தையான பெரியமேட்டிலேயே ஆனாலும், கேட்காமல் வாங்கினால் கைக்கு வருவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல். அது மென்மையானது, நீருக்கு அசையாதது, சாயம் நன்றாகப் பிடிப்பது. ஷூவின் மேல்பாகத்துக்கு அதைவிடப் பொருத்தமான தோல் கிடையாது. ஆனால் அதன் நார்கள் பஞ்சு போல மீண்டும் எழுந்துவிடும். இரவு முழுக்கத் தேய்த்தாலும் ஓரம் மின்னாது. நீங்கள் வாங்கிய பிசின் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

எது எந்தத் தோல் என்று அறிய வீட்டிலேயே சில வழிகள் உண்டு. வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிர்நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம். தேன் நிறமோ பழுப்போ ஊடுருவி நின்றால் பட்டைத் தோலாக இருக்கலாம். நகத்தால் அழுத்துங்கள். தடம் தங்கினால் பட்டை, மீண்டும் நிமிர்ந்துகொண்டால் குரோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மேல்பூச்சு இல்லாத பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுத்து, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வரும். துண்டைக் கொளுத்திச் சாம்பலின் நிறம் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. அதை வீட்டில் செய்யாதீர்கள். குரோமியம் சூட்டில் நச்சுத்தன்மை கொண்ட வடிவத்துக்கு மாறக்கூடும், அந்தப் புகையை மூச்சில் இழுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இந்தச் சோதனைகள் எல்லாமே சறுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. பட்டையில் பதனிட்டுப் பிறகு குரோமில் போட்டது, குரோமில் பதனிட்டுப் பட்டைச் சாறு ஏற்றியது என்று இரண்டும் கலந்த தோல்கள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன. அவை ஒரு சோதனையில் ஒன்றாகவும் அடுத்ததில் வேறொன்றாகவும் நடிக்கும். அப்போது கடைக்காரரை நேராகக் கேட்பதும், ஒரு சாண் துண்டு வாங்கித் தேய்த்துப் பார்ப்பதும்தான் வழி.

பட்டைத் தோல் நமக்கு அந்நியமானதே அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதை இத்தாலியிலிருந்து வரவழைக்கும் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளியவைத்து, எண்ணெய் ஊட்டிய ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் இங்கிருந்து 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் பல தலைமுறைகளாகக் கப்பலேறின. பிற்காலத்தில் ஆவாரையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்த மரத்தைக் காடு காடாக நட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களோடு சேர்த்துப் பேசப்படும் சரக்கு அது. பெரும்பாலும் அடுத்த கட்ட வேலைக்காக மொத்தமாக விற்பது என்பதால் சில்லறையில் ஒரு துண்டு பெறக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஆனால் அந்த அலைச்சலுக்குத் தகுந்த தோல்.

குரோம் தோல்தான் கையில் இருக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதற்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள்: ஓரத்தை மடக்கித் தையுங்கள். காலணித் தொழிற்சாலையில் இதை ஃபோல்டிங் என்போம். வெட்டும்போதே ஓரத்தில் 8 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். அந்தப் பகுதியை உட்பக்கத்தில் சுமார் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு, 0.5 மில்லிமீட்டர் கனம் வரும்வரை சாய்வாகச் சீவுங்கள். சொல்யூஷன் என்னும் ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, மடக்கி, சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே மடக்கினால் வழுக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு மடக்கினால் பிடிக்காது. அந்தப் பதம் சில நிமிடங்களே நிற்கும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், சொல்யூஷனின் ஆவி தலைவலி தரும். வளைந்த மூலைகளில் குத்தூசியின் நுனியால் சின்னச் சின்ன மடிப்புகளாகக் கொசுவி உட்பக்கம் தள்ள வேண்டும். புடவைக் கொசுவம் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதை என் வகுப்பில் பார்க்கிறேன். 0.8 மில்லிமீட்டர் ஆட்டுத் தோல் இதற்காகவே பிறந்தது போல மடியும்.

கனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது பர்ஸ் மூட முடியாதபடி உப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக் காணொளிகளில் தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பர்ஸின் வெளிப்புறத்துக்கு 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை, உள்ளே அட்டை வைக்கும் பைகளுக்கு 0.8 போதும். பெல்ட்டுக்கு 3.5 வேண்டும். நான்கு அட்டைப் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக 1.5 தோலில் அடுக்கினால் அது பர்ஸ் அல்ல, செங்கல். தோல் கனமாக இருந்தால் பிளவு இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். கையால் முழுத் துண்டையும் சீவ முயல வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பேட்டர்ன்களையும், அதாவது வெட்டுவதற்கான மாதிரி வடிவங்களையும், அளந்து பார்த்தே வெட்டுங்கள். அட்டை உலகம் முழுக்க ஒன்றுதான், 85.6க்கு 54 மில்லிமீட்டர். பணத்தாள் அப்படி அல்ல. இன்றைய 500 ரூபாய்த் தாள் 150க்கு 66 மில்லிமீட்டர். 2016க்கு முன்பிருந்த 500 ரூபாய்த் தாள் 167க்கு 73. பழைய கைவினைஞர்கள் வைத்திருக்கும் அட்டை அச்சுகள் பலவும் அந்த அளவில் வெட்டியவை. அவற்றில் செய்த பர்ஸில் இன்றைய தாள் குளத்தில் மீன் போல நீந்தும்.

இனி தையல். கையால் இரண்டு ஊசியில் போடும் தையலில் ஒரே நூல், அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைந்து வெளிவருகின்றன. பின்பக்கம் கோணுவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டே. குத்தூசி தோலுக்குச் செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து இறங்குவது ஒன்று. முன்பக்கத் துளை கோட்டில் இருக்கும், பின்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஊசிகளின் வரிசையை மறந்துவிடுவது மற்றொன்று. இடது கை ஊசி முதலில் போனால் எல்லாத் துளையிலும் அதுவே முதலில் போக வேண்டும், இரண்டாவது நூல் எப்போதும் முதல் நூலின் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும், இழுவையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுவில் தொலைபேசி அடித்து எழுந்து போய்த் திரும்பி வந்தால் அந்த இடம் பர்ஸில் தெரியும். என்னுடைய பழைய வேலைகளில் யார் எப்போது அழைத்தார்கள் என்றுகூட என்னால் காட்ட முடியும்.

இதற்கு மருந்து புதிய கருவி அல்ல, கழிவுத் தோல். இரண்டு அடுக்காக ஒட்டிய 15 சென்டிமீட்டர் துண்டுகள் பத்து வெட்டிக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு துண்டுக்குச் சுமார் 37 தையல் வரும். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். பின்பக்கம் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். பத்தாவது துண்டை முதல் துண்டோடு வைத்துப் பார்க்கும்போது எங்கே கை திருந்தியது என்று உங்களுக்கே தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஷூவின் மேல்பாகம் ஆறு ஜோடி வெட்டச் சொன்னார்கள். பேட்டர்னைத் திருப்பிப் போட மறந்து, பன்னிரண்டு துண்டும் இடது காலுக்கே வெட்டிவிட்டேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டையும் என் மேசைக்கு மேலே வருடக் கணக்கில் தொங்கவிட்டார். அதன் பிறகு ஒரு முறைகூட அந்தத் தவறு நடக்கவில்லை.

கருவி என்றால் இவ்வளவு போதும்: புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு அளவுகோல், முனை மழுங்கிய ஊசி இரண்டு, குத்தூசி, 4 மில்லிமீட்டர் பல் கொண்ட துளை அச்சு, மெழுகிட்ட 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் நூல், மரச் சுத்தியல். பணம் மிஞ்சினால் அதைத் தோலில் போடுங்கள். மழுங்கிய கத்தி மட்டும் கூடவே கூடாது; கையை அறுத்தவை எல்லாம் மழுங்கிய கத்திகளே, அழுத்தித் தள்ளும்போது அது வழுக்கி வரும். ஓர் எச்சரிக்கை: பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பைப் படவிடாதீர்கள். அளவுகோலை மறந்து அதன்மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது நீலக்கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும் அதே சங்கதி. கலம்காரித் துணியின் கறுப்பு வருவதும் இப்படித்தான். சிலர் துருப்பிடித்த ஆணியைக் காடியில் (வினிகரில்) ஊறவைத்து இதையே சாயமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இதுவரை சொன்னவற்றுக்கு என் கையே சாட்சி. இனி வருபவை அப்படி அல்ல. கைத்தையல் இயந்திரத் தையலைவிட இரண்டு மடங்கு உறுதி, மூன்று மடங்கு உறுதி என்று எண்ணோடு சொல்வதை நான் ஏற்பதில்லை. ஓரிடத்தில் நூல் அறுந்தால் கைத்தையலில் மறு இழை அந்தத் துளையைப் பிடித்து நிற்கும், இயந்திரத் தையல் அங்கிருந்து தளரத் தொடங்கும் என்பதுவரை சரி. அதற்கு மேல் நூலும் தோலும் இடைவெளியும்தான் தீர்மானிக்கும். நெருக்கமாகத் துளையிட்டால் கைத்தையலும் தபால்தலை போலத் துளை வழியே கிழிந்துவிடும். ஓரத்துக்கு எந்தப் பிசின் சிறந்தது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும் பேச்சு. வெறும் தண்ணீரும் தேன்மெழுகும் வைத்தே அழகாகச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சமையல் எண்ணெய் பூசினால் தோல் சிக்கு வாடை அடிக்கும் என்று ஒரு சாரார், அடிக்காது என்று மறு சாரார். எந்த எண்ணெயாக இருந்தாலும் பட்டைத் தோல் கறுக்கும், அதிகமானால் தொளதொளத்துவிடும் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒத்துப்போவார்கள். ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிப்பதற்கு எண்ணெயைவிடக் காற்றோட்டமே மருந்து. தோலை பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கற்றுக்குட்டி சொல்லித்தரலாமா என்றால், தாராளமாக. முப்பது வருடம் செய்தவனுக்குத் தான் எங்கே தடுமாறினோம் என்பதே மறந்துபோயிருக்கும். எனக்கு மறந்துவிட்டது, வகுப்பில் ஒருவர் ஊசியில் நூலைப் பூட்டத் திணறும்போது அதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்குவதில்லை. போன மாதம்தான் அதைத் தாண்டிய உங்களுக்கு விளங்கும். ஆனால் பகிரும்போது நான்கு விவரங்களைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்: என்ன தோல், எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன நூல், துளைகளுக்கு என்ன இடைவெளி. உங்களைக் குழப்பிய காணொளிகள் விட்டுவிட்டவை இவையே. கெட்டுப்போன மூன்று பர்ஸையும் காட்டுங்கள். சரியாக வந்ததைப் பார்த்து யாரும் தன் தவறைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பெரியவரின் உத்திகளைப் பொறுத்தவரை இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது தொழில் சார்ந்தது. அவர் போடுவது நீங்கள் காணொளியில் பார்த்த தையல் அல்ல. கொக்கி வைத்த குத்தூசியை உள்ளே இறக்கி, கீழிருக்கும் நூலைக் கொளுவி மேலே வளையமாக இழுத்து, மறுமுனையை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்குவார். பின்னல் முறையில் அது இயந்திரத் தையலுக்கு உறவு. கால்களுக்கு இடையே செருப்பை இடுக்கிக்கொண்டு, உள்பக்கம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் நிமிடத்தில் தைத்து முடிக்க அதைவிட நல்ல முறை கிடையாது. இரண்டையும் கலந்து 'கைத்தையல்' என்று ஒரே பெயரில் சொல்லிக்கொடுத்தால் கேட்பவர் குழம்புவார். தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது சங்கதியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தோல் உங்களுக்குப் பொழுதுபோக்கு. அவருக்கும் அவருடைய தகப்பனாருக்கும் அது விட்டுவிட்டு எழுந்து போக முடியாதபடி சாதியால் கட்டிவைக்கப்பட்ட வேலையாக இருந்திருக்கலாம். இதே குத்தூசியைப் பிடித்ததற்காகத் திண்ணையில் உட்காரவிடப்படாதவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை எடுத்தால் 'கைவினைக் கலை', அழகான படம், பாராட்டு. உங்களைக் குற்றவாளி ஆக்க இதை எழுதவில்லை. ஆனால் நண்பர்களுக்குச் சொல்லித்தரும்போது இது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் மாதம் மிலன் நகரில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே இருந்த ஒன்றை மேடையேற்றியபோது அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. இங்கே எதிர்ப்பு எழுந்த பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து பெற்றது என ஒப்புக்கொண்டது. கோலாப்பூர்ச் செருப்புக்கோ 2019லேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. தெருமுனைப் பெரியவருக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் கிடையாது. உத்தியைச் சொல்லித்தரச் சட்டம் தடுக்குமா என்று கேட்டால், தையல் முறை பொதுச் சொத்து, ஒருவர் வரைந்த பேட்டர்னை அப்படியே நகலெடுத்து விற்பது வேறு என்று மட்டும் சொல்வேன். நான் வழக்கறிஞர் அல்ல. அவரிடமே கேளுங்கள். படம் பிடிக்கலாமா, பெயரைச் சொல்லலாமா என்பது அவர் முடிவு. சிலருக்கு விருப்பமாக இருக்கும், சிலருக்குத் தங்கள் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் தெரிய வேண்டாம் என்றிருக்கும். இரண்டுக்கும் காரணம் உண்டு. உங்களுக்குச் சொல்லித்தந்த நேரத்தில் அவர் எத்தனை செருப்பு தைத்திருப்பார் என்று கணக்குப் போட்டு அந்தப் பணத்தைக் கொடுங்கள். குருதட்சணை என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டாம், கூலி என்றே கொடுங்கள்.

முறையாகப் படிக்கும் எண்ணம் பிறகு வந்தால் கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அங்கே அழுத்தம் தோல் பதனிடும் அறிவியலுக்கு. பர்ஸ் செய்ய ஆசைப்படும் ஒருவருக்கு இவ்விரண்டும் உடனடித் தேவை இல்லை.

இப்போதைக்கு அந்த மூன்று பர்ஸில் மிக மோசமானதை எடுத்துத் தையலைப் பிரித்துவிடுங்கள். குரோம் தோலாக இருந்தால் பிசிறடித்த ஓரத்தை வெட்டி நீக்கி, சற்றுச் சிறிய அட்டைப் பையாக மடக்கித் தைத்துப் பாருங்கள். மூலையில் எத்தனை கொசுவம் பிடித்தீர்கள், அவை சமமாக உட்கார்ந்தனவா என்று எழுதுங்கள். அடுத்த சந்தேகம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.